அவிழ்க்காத காப்பு

"சிஸ்டர் பேர மட்டும் எடுத்துறாதீக, மதினி" என்று சொல்லிவிட்டு ஈஸ்வரன் பால் விடாத கட்டன்சாயாவை ஒரே மடக்கில் குடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

முத்துப்பேச்சிக்குச் சுருக்கென்றது. சிஸ்டர் சிசிலி என்ற பேரை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் அவள் இத்தனை வருசம் இருந்ததில்லை. காய்ச்சல் வந்தாலும் அந்தப் பேர், ஏலக்காய் விலை ஏறினாலும் அந்தப் பேர். "சிஸ்டர் இருந்திருந்தா..." என்று அவள் ஆரம்பித்தால் லயத்துப் பிள்ளைகளே மீதியைச் சொல்லி முடித்துவிடும்.

ஈஸ்வரன் ஒன்றும் கெட்டவன் இல்லை. அவள் புருசன் பெரியமுத்துவுக்குப் பங்காளி, மாரியம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவன். மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்குவதற்கு நாலு ஆள் வேண்டும், அவ்வளவுதான் அவனிடம் உள்ள குறை. ஊருக்கு ஒன்று என்றால் முதலில் ஓடுகிற காலும் அவன் கால்தான். இப்போதும் ஊருக்காகத்தான் வந்து உட்கார்ந்திருந்தான்.

விஷயம் இதுதான். சாந்தன்பாறைக்கு மேலே, ஏலக்காட்டுக்குள் தொழிலாளிகள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற அந்த லயத்தில், கோயிலை ஒட்டித் தகரம் போட்ட ஓர் அறை உண்டு. கோயிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் ஆத்தா, அந்தப் பக்கம் மருந்து. சுகர் பார்ப்பது, பிரசர் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அங்கேதான். ஜின்சி என்ற நர்சுப்பெண் கீழேயிருந்து ஜீப்பில் வந்துபோகிறாள். அவள் சம்பளமும் மருந்துச் செலவும் இத்தனை காலமும் சிஸ்டரின் கன்னியர் மடத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. சிஸ்டருக்கு வயசாகி, ஓய்வு மடத்துக்குக் கூட்டிப்போன பிறகு மடமும் கையை விரித்துவிட்டது. அங்கே ஆளும் இல்லை, காசும் இல்லை. இந்த மாசத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஈஸ்வரன் மகள் மோனிஷா போனில் ஒரு செய்தியைப் பிடித்தாள். கோயில், சர்ச், பள்ளிவாசல் என்று சாமி பேரால் நடக்கிற மருத்துவ சேவைக்கு உதவித்தொகை கொடுக்கிறதாம் ஒரு அறக்கட்டளை. நிபந்தனை ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு மதத்து ஸ்தாபனம் தானே ஆரம்பித்து, தானே நடத்துவதாக இருக்க வேண்டும். மோனிஷா கோயில் பேரில் எழுதிப் போட்டாள். ஆளை அனுப்பி நேரில் பார்க்கிறோம் என்று பதில் வந்துவிட்டது.

"கன்னியாஸ்திரி ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா, 'அப்ப மடத்துக்குல்ல குடுக்கணும், ஒங்களுக்கு எதுக்கு'ன்னு கேப்பாக. மடமோ கை கழுவிட்டாக. ரெண்டுங்கெட்டானாப் போயிரும். மொதல்ல இருந்து கூட இருந்தவுக நீங்க. ஆரம்பிச்ச கதைய ஒங்ககிட்டதான் கேப்பாக. நம்ம கோயில் ஆரம்பிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க, மதினி."

உள்ளே கட்டிலில் பெரியமுத்து காலை நீட்டிப் படுத்திருந்தார். சுகர்ப் புண். ரெண்டு விரல் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஜின்சி சுத்தம் பண்ணிக் கட்டுவதால்தான் மீதிக் கால் தப்பித்திருக்கிறது. கவனிக்காமல் விட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் ஜீப்பில் இறங்குவதும் ஏறுவதும் நடக்கிற காரியமா?

"சரி, எடுக்கல" என்றாள் முத்துப்பேச்சி. சொன்ன வாய் கசந்தது.

அறக்கட்டளை ஆள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் கோயிலில் காப்புக் கட்டு. மஞ்சள் துணிக்கயிற்றில் விரலி மஞ்சளை முடிந்து, ஊர்க்காரர்கள் எல்லார் கையிலும் பூசாரி கட்டிவிட்டார். கட்டினால் திருவிழா முடிகிறவரை யாரும் ஓடையைத் தாண்டி வெளியே போகக்கூடாது. ஓடைதான் எல்லை. கட்டிய கையோடு முத்துப்பேச்சி மருந்து அறையைக் கூட்டப் போனாள். விளக்குமாறு பாட்டுக்கு ஒரு பக்கம் போனது, அவள் நினைப்பு வேறு பக்கம் போனது.

அன்றைக்கும் இப்படித்தான் பங்குனி வெயில். அவள் மகன் ஜெகன் கைப்பிள்ளை. காப்புக் கட்டிய மறுநாள் லயத்தில் வயிற்றுப்போக்கு கண்டது. ஊற்றுத் தண்ணீர் கெட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு படுத்துவிட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம், கீழே, மடத்து ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் காப்புக் கட்டிய கையோடு எல்லை தாண்ட யாருக்குத் தைரியம்? ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டார்கள்.

அவர்கள் போகவில்லை என்றதும் சிஸ்டர் வந்துவிட்டார். அப்போது சின்ன வயசு. தலையில் தகரப் பெட்டி, வெள்ளை உடுப்பெல்லாம் செம்புழுதி, தன்னந்தனியாக ஏறி வந்தார். கோயிலில் கூழ் காய்ச்சுகிற அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பும் சர்க்கரையும் போட்டு ஆற்றி, சங்கில் எடுத்து எடுத்துப் பிள்ளைகளுக்குப் புகட்டினார். ஜெகனுக்குக் கண் செருகிவிட்டது. அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், பொழுது சாய்கிறவரை எழுந்திருக்கவே இல்லை. அதுவரை ஒரு சொட்டுக்கூடப் போகாமல் வற்றிக் கிடந்தவன் சாயங்காலம் ஒன்றுக்குப் போனான். சிஸ்டரின் மடியெல்லாம் நனைந்தது. "மூத்திரம் ஒழிச்சு! மோன் மூத்திரம் ஒழிச்சு!" என்று சிஸ்டர் மலையாளத்தில் ஊரையே கூட்டிய சத்தம் முத்துப்பேச்சியின் காதில் இன்றைக்கும் இருக்கிறது. ஒரு மூத்திரத்துக்கு லயமே கைதட்டியது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோசத்தில் அந்தக் காலத்துப் பூசாரி ஒரு வேலை செய்தார். வந்தவருக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? ஏலக்காட்டில் மாலைக்கும் சால்வைக்கும் எங்கே போவது? மிச்சமிருந்த ஒரு காப்பை எடுத்துச் சிஸ்டர் கையில் கட்டிவிட்டார். சிஸ்டரும் ஏதோ வரவேற்பு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதுதான், என்ன செய்துவிட்டோம் என்று பூசாரிக்கே உறைத்தது.

"கட்டியாச்சே, தாயி. இனி திருவிழா முடியாம எல்லை தாண்டப்படாதே" என்று தலையைச் சொறிந்தார்.

"தாண்டியால்?" என்று சிஸ்டர் கேட்டார்.

சுருளியம்மாள் என்று ஒரு மூத்த தொழிலாளி இருந்தாள், அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "நீங்க தாண்டிப் போயி, நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு வைங்க. அப்பறம் ஒங்க மருந்த இங்க ஒருத்தரும் தொடமாட்டாக" என்றாள்.

சிஸ்டர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

திருவிழா முடிகிறவரை முத்துப்பேச்சி வீட்டில்தான் தங்கினார். அப்படிப்பட்ட நாட்கள் அவள் வாழ்க்கையில் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. பகலெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்குவார். சாயங்காலம் கோயிலில் குலவை கேட்கும், இவர் வீட்டுக்குள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். ஜெபம் முடிந்ததும் ஓடிவந்து, "எனிக்கும் படிப்பிக்கு" என்று குலவை போடக் கற்றுக்கொள்வார். கோழியின் கழுத்தை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வரும். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பேதியில் கிடந்த ஊர் அந்தச் சிரிப்பில்தான் எழுந்து உட்கார்ந்தது என்று முத்துப்பேச்சி இப்போதும் சொல்வாள்.

திருவிழா முடிந்த அன்றைக்கு மடத்து ஜீப்பு ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. சிஸ்டர் அவசர அவசரமாகப் போய் ஏறினார். மஞ்சள் நீராட்டுச் சந்தடியில் அவர் கைக் காப்பை அவிழ்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரமே திரும்பி வந்தார். அதிலிருந்து வருசக்கணக்காக வந்துகொண்டே இருந்தார். கோயில் கமிட்டி சுவரோடு சேர்த்து அறை கட்டிக் கொடுத்தது. "அடுத்த வாரம் வருவீகளா, சிஸ்டர்?" என்று யாராவது கேட்டால் கையைத் தூக்கிக் காட்டுவார். "நிங்கள் அவிழ்க்கல்லையே, நான் எங்ஙனே போகும்?" கயிறு இற்று விழுந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் அந்த வெறும் கையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் அறையைக் கூட்டிய மறுநாள் காலையிலேயே அறக்கட்டளை ஆள் ஆனந்தகுமார் வந்துவிட்டார். அறக்கட்டளையின் கோயம்புத்தூர் ஆபீசிலிருந்து வருகிறார் என்றதும் பந்தாவான ஆளை எதிர்பார்த்திருந்தார்கள். வந்தவர் ஜீப்புக் குலுக்கலில் முகம் வெளுத்துப்போய், இறங்கியதும் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நானுங்க வேலந்தாவளத்துக்காரனுங்க. சமநெலத்துல வளந்தவனுக்கு இந்த மேடு ஆகறதில்லீங்க" என்றார். வாக்கியத்துக்கு வாக்கியம் அந்த 'ங்க'வைக் கேட்டு லயத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆள் நல்ல மாதிரிதான். மருந்து அலமாரியைப் பார்த்தார், ஜின்சி பெரியமுத்துவின் காலுக்குக் கட்டுப் போடுவதைப் பக்கத்தில் குனிந்து நின்று பார்த்தார். கடைசியில் முத்துப்பேச்சியிடம் வந்தார்.

"மொதல்லருந்து இருக்கறவங்க நீங்கதான்னாங்க. இதை யாருங்கம்மா ஆரம்பிச்சது?"

ஈஸ்வரனின் கண் அவள் மேல் இருந்தது. அவள் கண் புருசனின் காலில் இருந்தது.

"கோயில்தான், சார். எல்லாம் ஆத்தா புண்ணியம்."

ஈஸ்வரனுக்குப் போன மூச்சுத் திரும்பி வந்தது. ஜின்சி மட்டும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு மறுபடி புண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள். முத்துப்பேச்சி அங்கே நிற்க முடியாமல் கூழ் அண்டாப் பக்கம் போய்விட்டாள். அண்டா அதே அண்டாதான்.

உச்சிப் பூசை நடந்தது. காரியம் பலித்த குஷியில் ஈஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. "பூசாரி! சாருக்கும் ஒண்ணு கட்டி விடுங்க!" என்று சத்தம் போட்டான். இப்போதைய பூசாரி அந்தக் காலத்துப் பூசாரியின் மகன். அப்பனின் கை பிள்ளைக்கும் வந்திருந்தது. முத்துப்பேச்சி அகப்பையைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது.

ஆனந்தகுமார் கையைத் தூக்கிப் பார்த்தார். விரலி மஞ்சளைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"ஏனுங்க, இது திருவிழாக் காப்புங்களா? சாமி கயிறுன்னுல்ல நெனச்சுக் கையை நீட்டுனேன்! எங்கூர்லயும் உண்டுங்களே. கட்டுனா ஊரு தாண்டக் கூடாதுங்களே!"

ஈஸ்வரன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல எங்கம்மாளுக்குக் கண்ணு ஆபரேசனுங்க. எம்பையன் வந்து கையைப் புடிச்சாத்தான் உள்ள போவேன்னு அடமா இருக்குறாங்க. நான் இன்னைக்கே போயாகணுமுங்க."

கட்டியதை நடுவில் அவிழ்க்கிற வழக்கம் இல்லை என்றார் பூசாரி. வருகிற வருசம் மழை பெய்யாமல் போனால் யார் பதில் சொல்வது என்று ஒருத்தர் கேட்டார். போனில் அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாமே என்றார் இன்னொருத்தர். ஆனந்தகுமார் பாவம், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். முத்துப்பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவுத்து விடுங்க, பூசாரி" என்றாள். "அம்மையப் பாக்கப் போற பிள்ளைய இந்த ஊரு இன்னொரு தடவ பிடிச்சு வைக்கப்படாது."

"இன்னொரு தடவையா?" என்று ஆனந்தகுமார் திரும்பினார். "மொதத் தடவ யாருங்கம்மா?"

"மதினி..." என்று ஈஸ்வரன் கெஞ்சினான். முத்துப்பேச்சி புருசனைப் பார்த்தாள். அவர் அறை வாசலில், புதுசாகக் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"சொல்லு புள்ள" என்றார் பெரியமுத்து. "எங்காலுக்காக நீ வாய மூட வேணாம்."

சொன்னாள். பேதி வந்ததை, தகரப் பெட்டியை, காப்பை, எல்லாவற்றையும் சொன்னாள். அதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. பிறகு, ஊருக்குத் தெரியாததையும் சொன்னாள்.

"அந்தத் திருவிழாவுக்குள்ள ஒரு நாள், நானும் சிஸ்டரும் ஓடைல துணி அலசிக்கிட்டு இருந்தோம். மடத்து டிரைவரு அக்கரைல வந்து நின்னு கத்துனாரு. சிஸ்டரோட அம்மைக்கு முடியல, ஒடனே வரணும்னு. அவுக அம்மைய அம்மச்சின்னுதான் சொல்லுவாக. ஒரு எட்டு வச்சா அக்கரை, சார். சிஸ்டர் தண்ணிக்குள்ள காலு வச்சுட்டாக. அப்பறம் காலை எடுத்துட்டாக. 'ஆரோடும் பறயல்லே முத்துப்பேச்சி'ன்னாக. யாருட்டயும் சொல்லாதன்னு. சொன்னா ஊரு எரக்கப்பட்டு என்னைய விட்டுரும், போனப் பெறகு பிள்ளைகளுக்கு மருந்து குடுக்கப் பயந்துரும்னு. அவுக போய்ச் சேருறப்ப அம்மச்சிய அடக்கம் பண்ணிட்டாக. இத்தன வருசமா நான் யாருட்டயும் சொல்லல."

முத்துப்பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஈஸ்வரன் பக்கம் திரும்பினாள். "நீயும் அந்த அண்டாத் தண்ணி குடிச்சுப் பொழைச்சவந்தானப்பா. நான் காலைல சொன்னது பொய்யி, சார். கோயிலு எடம் குடுத்துச்சு. ஆரம்பிச்சது அவுகதான்."

ஈஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். பூசாரி முடிச்சை அவிழ்த்தார். அவிழ்த்த காப்பைத் தரையில் போடக்கூடாது, இன்னொரு கையில் கட்ட வேண்டும். எல்லார் கையிலும் ஏற்கெனவே இருந்தது. ஜின்சியின் கை ஒன்றுதான் வெறும் கை. கண்கள் அந்தப் பக்கம் போவதைப் பார்த்ததும் முத்துப்பேச்சி குறுக்கே வந்து தன் இடது கையை நீட்டினாள். "ரெண்டு கைலயும் எனக்கே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

ஜீப்பில் ஏறும்போது ஆனந்தகுமார் அவளைக் கும்பிட்டார். "ரூல்ஸ் என்னமோ ஒரு ஸ்தாபனந்தானுங்க. நான் கேட்டதை அப்படியே எழுதறேனுங்க. மத்தது மேல இருக்கறவங்க கைலீங்க."

திருவிழா முடிந்தது. ஈஸ்வரன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜின்சி ஒவ்வொரு தடவை கட்டுப் போடும்போதும் இதுதான் கடைசியோ என்று முத்துப்பேச்சி மாசத்தின் மிச்ச நாட்களை விரல் விட்டு எண்ணுவாள். உண்மையைச் சொன்னது தப்பு என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனால் புருசனின் காலைப் பார்க்கும்போது மட்டும் பயமாக இருந்தது.

மாசக் கடைசியில் ஒரு காலை, ஈஸ்வரன் வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். "மதினி! கெடச்சிருச்சு! சிஸ்டர் கதையப் படிச்சுட்டு, ரூல்ஸத் தளத்தி ஒரு வருசத்துக்குக் குடுத்திருக்காக. பெறகு பாத்துக் கூட்டிக் குடுப்பாகளாம்." சிஸ்டரின் கதையை அவர்கள் வெளியிடுகிற புத்தகத்தில் போடப் போகிறார்களாம். அதற்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, போட்டோவும் எடுத்து அனுப்ப வேண்டுமாம். "சிஸ்டர் நம்ம ஆளுல்ல! நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றான். அவன் அன்றைக்கு என்ன சொன்னான் என்பதை முத்துப்பேச்சி ஞாபகப்படுத்தவில்லை. இன்னொரு டம்ளர் கட்டன்சாயா கொடுத்தாள்.

ஜின்சியும் அவளும் மலையிறங்கி, பஸ் மாறி மாறி, ஓய்வு மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சிஸ்டர் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இத்தனூண்டாகச் சுருங்கிப் போயிருந்தார். யாரையும் அடையாளம் தெரியாது, பழசும் புதுசும் குழம்பிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். முத்துப்பேச்சி காலடியில் உட்கார்ந்து, உதவித்தொகை கிடைத்ததைச் சொன்னாள். மருந்து அறை மூடாது என்று சொன்னாள். கைப்பிள்ளையாக மடியை நனைத்த ஜெகனுக்கே இப்போது ரெண்டு பிள்ளைகள் என்று சொன்னாள். சிஸ்டர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழி தெரியாமல் முத்துப்பேச்சி மெதுவாக ஒரு குலவை போட்டாள்.

சிஸ்டர் திரும்பினார். அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"முத்துப்பேச்சி" என்றார். "திருவிழா கழிஞ்சோ?"

"முடிஞ்சிருச்சு, சிஸ்டர்."

"எல்லா பிள்ளைகளும் சுகமாயோ?"

"எல்லாரும் பொழைச்சுட்டாக. ஒரு கொறையும் இல்ல."

சிஸ்டர் வலது கையை அவள் முன்னால் நீட்டினார். "எங்கில் இது அவிழ்க்கு, மோளே. எனிக்குப் போகணும். அம்மச்சி காத்திரிக்குந்நு."

ஜின்சி போட்டோ எடுப்பதற்காகத் தூக்கிய போனைக் கீழே இறக்கினாள்.

முத்துப்பேச்சி அந்தக் கையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமான வெறும் மணிக்கட்டு. அங்கே இல்லாத முடிச்சை நகத்தால் நெகிழ்த்தினாள். இல்லாத கயிற்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கண்ணீர் வழிந்து அந்தக் கையில் விழுந்தது, துடைக்கவில்லை. பிரித்ததைச் சுருட்டித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அவுத்துட்டேன், சிஸ்டர்."

சிஸ்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஜீப்பு வந்நோ?"

"வந்துருச்சு, சிஸ்டர்" என்றாள் முத்துப்பேச்சி. "ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்குது. நீங்க போகலாம்."